குண்டூசி வார்

மாஸ்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் ஆசை. மூன்றுதான் கிடைக்கிறது. குடிக்க மாட்டார். நேரத்துக்கு வருவார். துணியை வெட்டினால் நூல் பிசகாது. நாலாவதைக் கேட்டால் அந்தப் பட்டறையில் வேலை பார்க்கிற இருபத்திரண்டு பேரும் கையை விரித்துவிடுவார்கள்.

பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காவலாளிக் கம்பெனி என்று யார் கேட்டாலும் சீருடை தைத்துக் கொடுப்பார்கள். ஜன்னலோரம் இரண்டு வரிசை மெஷின், மூலையில் இஸ்திரி மேசை, பின்பக்கம் படிக்கட்டைத் தாண்டித் தகரக் கதவு போட்ட ஒரே ஒரு கழிப்பறை. நடுவில் ஆறு பேர் படுத்து உருளலாம் போல ஒரு கட்டிங் மேசை. அதன் தலைமாட்டில் நின்றால் யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் எல்லாம் தெரியும். மாஸ்டர் இருபத்தாறு வருஷமாக அங்கேதான் நின்றார். முதலாளி அவருக்கு மைத்துனன், மனைவியின் தம்பி. வீட்டில் "மாப்ள" என்று கூப்பிடுகிறவர் பட்டறைக்குள் கால் வைத்ததும் "முதலாளி" என்பார். பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். அந்த மேசையை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. அது அவருக்கும் நன்றாகவே தெரியும்.

குண்டூசி விவகாரம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன சட்டைக் காலரில் ஒரு ஊசி தங்கிப்போய், போட்டுப் பார்த்த பிள்ளையின் கழுத்தில் குத்திவிட்டது. நானூறு சட்டையும் திரும்பி வந்தன. அன்றைக்கு முதலாளி போட்ட கூச்சலில் இஸ்திரிப் பெட்டியே ஆறிப்போயிருக்கும். வெளியே போன ஒவ்வொரு ஊசியும் திரும்பி வந்தாக வேண்டும் என்று உத்தரவு. மாஸ்டருக்குச் சொல்லவா வேண்டும்! உடைந்த ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த உள்ளங்கை அகலக் காந்தத்தை எடுத்து, தன் வேலை ஏப்ரனின் இடது தோள் வாரில், காரை எலும்புக்குக் கீழே வருகிற மாதிரி வைத்துத் தைத்துக்கொண்டார். துணியிலிருந்து ஊசியை உருவி நெஞ்சருகே கொண்டுபோனால் போதும், டக்கென்று போய் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் பதக்கம் குத்தின மாதிரி மார்பெல்லாம் ஊசியாக நிற்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு "குண்டூசி" என்று பெயர் வந்தது அப்படித்தான்.

நாளடைவில் அந்த ஏப்ரனுக்கே வார் என்று பெயராகிவிட்டது. அதன் பொத்தான் பின்பக்கம் இருந்தது. அவருக்குக் கை எட்டாது. "ஏய் காஜா, பொத்தான்!" என்று ஒரு அதட்டல் போடுவார். மேசைக்கு அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் துளை எடுக்கிறவள் எழுந்து வந்து போட்டுவிடுவாள். காஜா எடுப்பது அவள் வேலை என்பதால் மற்றவர்களுக்கு அவள் காஜாக்கா. மாஸ்டருக்கு வெறும் காஜா.

இனி சிலேட்டு. அதைச் சொல்லாமல் மாஸ்டரைச் சொல்ல முடியாது. மேசைக் காலில் ஒரு சிலேட்டுப் பலகையைத் தொங்கவிட்டிருந்தார். யாராவது கழிப்பறைக்குப் போனால் அவர் மெஷின் நம்பருக்கு நேரே ஒரு கோடு. சாயங்காலம் மெஷின்கள் நின்றதும் சத்தமாக வாசிப்பார். "மூணாம் நம்பர், நாலு. ஏழாம் நம்பர், அஞ்சு. ஏழாம் நம்பருக்கு அங்கேயே ஒரு மெஷின் போட்டுக் கொடுத்துடலாமா?" சிரிக்க வேண்டும். சிரிக்காதவருக்கு மறுநாள் தடித்த துணியாகப் பார்த்து வரும்.

காஜாக்கா ஏழு மாசமாக இருந்தபோது நடந்தது இது. பகல் பன்னிரண்டு மணிகூட ஆகவில்லை, அவளுக்கு அஞ்சு கோடு விழுந்துவிட்டது. ஆறாவது தடவை எழுந்தாள்.

"உக்காரு," என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், அவசரம்."

"அவசரம்னா ஆம்புலன்ஸ கூப்பிடு. நாப்பது காஜா பாக்கி கெடக்கு."

உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். பிறகு ஸ்டூலுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தரை நனைந்தது. இருபது மெஷினும் ஒவ்வொன்றாக நின்றன. மாஸ்டர் குனிந்து, மேசைக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்து அவள் மடியில் வீசினார். "துடை. துடைச்சிட்டு அந்த நாப்பதையும் முடிச்சிட்டு எந்திரி." அடப் பாவி மனுஷா, உனக்கும் ஒரு தாய் வயிறு இருந்திருக்குமே! அவள் அந்த வயிற்றோடு மண்டியிட்டுத் துடைத்தாள். நாற்பதையும் முடித்தாள். பிள்ளை பெற்று இரண்டு மாசம் கழித்துத் திரும்பி வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, மறுநாள் காலையில் மாஸ்டருக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மாஸ்டரும் அதை மறந்துபோனார்.

அடுத்த வருஷம் மாஸ்டர் ரோட்டில் விழுந்தார். பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், இதயம் அவ்வப்போது நாலைந்து விநாடி அடிக்க மறந்துவிடுகிறதாம். இடது காரை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி, தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்தார்கள். அதிலிருந்து ஒரே ஒரு கம்பி இதயத்தின் கீழறைக்குப் போனது.

"உங்க இதயம் பெரும்பாலும் நல்லாத்தான் அடிக்குது," என்றார் டாக்டர். "அதனால இத ஒரு காவல்காரன் மாதிரி வெச்சிருக்கோம். சும்மா பாத்துட்டு இருக்கும். துடிப்பு அம்பதுக்குக் கீழ போனா மட்டும் ஒரு தட்டு தட்டும். இந்த மோடுல நீங்க இத மறந்தே போயிடலாம்."

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். வலுவான காந்தத்தை நெஞ்சருகே கொண்டுபோக வேண்டாம் என்று ஆறாவது வரியில் அச்சடித்திருந்தது. மாஸ்டரின் மனைவி விரல் வைத்து வாசித்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பழப் பொம்மைகளை எல்லாம் பிய்த்து அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தாள். "உங்க வேலையில காந்தம் எதாவது இருக்குதாங்க?" என்றும் கேட்டாள். "துணிக்கும் காந்தத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்றார் மாஸ்டர். பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடக்கிற பொருள். மூக்கு மேல் இருக்கிற கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? அவருக்கு அது காந்தமே இல்லை, வார்.

ஆறு வாரம் ஓய்வெடுத்துவிட்டுப் பட்டறைக்கு வந்தார். காயம் உறுத்தாமல் இருக்கத் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "ஏய் காஜா, பொத்தான்!" என்றார். அவள் போட்டுவிட்டாள்.

மாஸ்டருக்கு அடுத்த பத்து மாசமும் தெரியாத விஷயத்தை நாம் இங்கேயே தெரிந்துகொள்வோம். பேஸ்மேக்கர் செய்கிறவர்கள் அதற்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நெருக்கமாக ஒரு காந்தம் வந்தால் அது வேறு மோடுக்குப் போய்விடும். இதயம் தானாக அடிக்கிறதா இல்லையா என்று பார்ப்பதையே நிறுத்திவிடும். நிமிஷத்துக்குத் தொண்ணூறு தடவை, கண்ணை மூடிக்கொண்டு, கீழறையைத் தட்டிக்கொண்டே இருக்கும். டாக்டர்கள் தங்கள் சோதனைக்காக ஒரு நிமிஷம் பயன்படுத்திக்கொள்கிற மோடு அது. நம்ம ஆள் அதை நாளுக்கு எட்டு மணி நேரம் போட்டுக்கொண்டு நின்றார்.

முதல் நாளே கழுத்து நரம்பு இரண்டும் குதித்தன. நின்றால் கண் இருட்டியது. கத்தரிக்கோலைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும்விடக் கேவலம், அரைமணிக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு வந்தது. மாஸ்டர் தகரக் கதவுக்கும் மேசைக்குமாக நடந்தார். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் முதலாளி மேசைக்கு வந்து சிலேட்டைக் கையில் எடுத்தார்.

"மச்சான், இதுல உங்களுக்கும் ஒரு எடம் போட்டா தப்பா?"

பட்டறை கொல்லென்று சிரித்தது. இந்த முறை யாரும் பயந்து சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கோடு போடுவது இஸ்திரிக்காரர், வாசிப்பது முதலாளி. "மாஸ்டர், பதினொண்ணு!" என்றதும் கை தட்டுவார்கள். மாஸ்டர் ஊசியை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வார்.

இதில் ஒரு வேடிக்கை. மத்தியானம் சாப்பிடும்போது, ஊசி சோற்றில் விழுந்துவிடக் கூடாது என்று வாரைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். கால்மணியில் கழுத்து அடங்கும், முகத்தில் ரத்தம் ஏறும். பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுவார். பக்கத்தில் இருப்பவரிடம் ரெண்டு ஜோக்கும் அடிப்பார். மணி அடித்ததும் வாரை மாட்டி, காஜாக்காவிடம் பொத்தான் போட்டுக்கொண்டு நிற்பார், பத்து நிமிஷத்தில் மேசையைப் பிடித்துக்கொள்வார். "சாப்பாட்டுக்கு மட்டும் தெம்பு வருதுய்யா மனுஷனுக்கு," என்றார் இஸ்திரிக்காரர், அவர் காதுபடவே. அதைக் கேட்டுச் சிரிக்காதவள் காஜாக்கா ஒருத்திதான். அவள் தலையைத் தூக்கி மாஸ்டரின் கழுத்தைப் பார்த்தாள், பிறகு துளையைப் பார்த்துத் தைத்தாள். மாஸ்டர் அதைக் கவனித்தார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்: "அத்தன பேர்ல அவ ஒருத்திதான் மனுஷி. ஒரு நாள் ஒரு சொல்லு சொன்னதில்ல."

ஆஸ்பத்திரிக்குப் போனார். போகிற நாளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போவாரா, ஏப்ரனையா மாட்டிக்கொண்டு போவார்? பெஞ்சில் நாலு மணி நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனால் ஈ.சி.ஜி. பிசகில்லாமல் நல்லபடியாக வந்தது. இதயம் திணறினால் ரத்தத்தில் கூடுகிற ஹார்மோன் ஒன்று உண்டாம், அதையும் சோதித்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. "ஒரு நாள் முழுக்க ஈ.சி.ஜி. எடுக்குற கருவிய மாட்டிக்கங்க, வேலைக்கும் அதோடயே போங்க," என்றார் டாக்டர். முதலாளி விடவில்லை. "நெஞ்சுல வயர தொங்கவிட்டுட்டு வந்து நின்னா பார்ட்டிங்க என்ன நினைப்பாங்க? லீவு நாள்ல மாட்டிக்கங்க மச்சான்." லீவு நாளில் மாட்டிக்கொண்டார். தாளில் ஒரு பிசகும் இல்லை.

"வேலையில எதாவது மனக்கஷ்டமா?" என்று டாக்டர் தணிந்த குரலில் கேட்டார். மாஸ்டர் அவமானத்தில் வேர்த்துப்போய் இல்லை என்றார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு நாள் வாரைக் காணவில்லை. ஆணியில் இல்லை, மேசையில் இல்லை. மாஸ்டர் பட்டறையைத் தலைகீழாகப் புரட்டினார். கடைசியில் ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். அன்றைக்கு மனிதர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின துணியில் அறுபது மடிப்பைப் பிசிறில்லாமல் வெட்டித் தள்ளினார். கோபத்தில் வந்த வேகம் என்று அவரே நினைத்துக்கொண்டார். "என் வார எந்த மகராசன்டா எடுத்தது?" என்று நாள் முழுக்கக் கத்தினார். மறுநாள் காலையில் துணி மூட்டைக்கு அடியில் கிடந்தது என்று காஜாக்கா கொண்டுவந்து நீட்டினாள். "நீயாவது தேடினியே," என்றார். அவள் பின்னால் போய்ப் பொத்தானைப் போட்டாள்.

எட்டாவது மாசம் அந்த வெட்டு நடந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான சட்டை, எண்பது மடிப்பு. அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் மெஷினைக் கையில் எடுத்தார். பாதி வெட்டில் கண் இருண்டது. கை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கண் தெளிந்தபோது கத்தி கழுத்து வளைவை விட்டு நேரே நெஞ்சில் இறங்கியிருந்தது. எண்பது சட்டையின் முன்பக்கமும் போச்சு.

முதலாளி வந்து பார்த்தார். அன்றைக்குக் கத்தவில்லை. மாஸ்டரின் கையிலிருந்து கட்டிங் மெஷினை வாங்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். "காஜாக்கா, உங்களுக்கு வெட்ட வரும்ல?"

"வரும்," என்றாள் அவள். இத்தனை வருஷம் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு வராமல் என்ன?

மாஸ்டரை அவளுடைய ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். தைத்து முடித்த சட்டையில் தொங்குகிற நூலை வெட்டுவது வேலை. அங்கேயும் ஏப்ரனைக் கழற்ற மாட்டேன் என்றார் மனிதர். மேசை போனாலும் வாராவது இருக்கட்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டார். காலையில் முன்னைப் போல அதட்ட முடியவில்லை. "கொஞ்சம் பொத்தான்..." என்று இழுப்பார். காஜாக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து போட்டுவிடுவாள். ஒரு நாளும் தவறவில்லை. மூன்று வாரத்தில் ஸ்டூலிலிருந்தும் சரிந்து விழுந்தார். "வீட்ல இருங்க மச்சான், அக்காவுக்காக சொல்றேன்," என்று முதலாளி ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டார். வார் மேசையோரத்து ஆணியிலேயே தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாஸ்டர் படியேறி மாடித் தொட்டியைக் கழுவினார். மூச்சு வாங்கவில்லை. காய்கறிப் பை இரண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கழுத்து துடிக்கவில்லை. ராத்திரி அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? அங்கேதான் விழுந்தது அடி.

"வேலைக்குப் போனா நோயாளி, வீட்ல இருந்தா பயில்வான்," என்றாள் மனைவி. "இது என்னங்க வியாதி? என் தம்பி மூஞ்சிய பாத்தா மட்டும் வர்ற வியாதியா?"

"இல்லடி, நெஜமாவே..."

"டாக்டர் பாத்தாச்சு, ரத்தம் பாத்தாச்சு, ஒரு நாள் பூரா வயர் மாட்டியாச்சு. எல்லாரும் பொய், நீங்க மட்டும் நெஜமா? அவனுக்கு எண்பது சட்டை போச்சு. எனக்கு பொறந்த வீட்டு வாசல் மிதிக்க மூஞ்சி இல்ல."

மாஸ்டர் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நரம்பு சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. எத்தனையோ பேரை "நடிக்கிறா, நடிக்கிறான்" என்று வாய் கிழியச் சொன்னவர். இப்போது அதே சொல் உள்ளேயிருந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. நடித்தேனோ? எனக்கே தெரியாமல் நடித்தேனோ? ஒரு மாசம் இப்படியே கிடந்து மருகினார். கடைசியில் மனைவி ஒரு விருந்து வைத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கண்ணைக் காட்டினாள். மாஸ்டர் கைகட்டி நின்றார்.

"மாப்ள, உடம்புக்கு ஒண்ணுமில்ல. சோம்பேறித்தனம்தான். ஆபரேஷன் ஆன ஆளுன்னு கொஞ்சம் சலுகை எடுத்துக்கிட்டேன். மன்னிச்சிடு."

முதலாளி கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இத அன்னிக்கே சொல்லியிருந்தா என் எண்பது சட்டை பொழச்சிருக்கும்." மேசையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பேஸ்மேக்கர் வைத்து ஒரு வருஷம் ஆனதால் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சின்ன அறை. ஒரு டெக்னீஷியன் பெண், கட்டில், ஒரு திரை. மாஸ்டரைப் படுக்க வைத்து வயர்களை ஒட்டினாள். பிறகு டிராயரிலிருந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்ட ஒரு வளையத்தை எடுத்தாள்.

"இது காந்தம் சார். மேல வெச்சா மெஷின் ஒரே வேகத்துல தட்டும். அந்த வேகத்த பாத்தா பேட்டரி எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சிடும். ஒரு நிமிஷம்தான்."

வைத்தாள். கழுத்து நரம்பு இரண்டும் எகிறின. நெஞ்சுக்குள் எதுவோ ஏறி முட்டி இறங்கியது. தலை லேசாக மிதந்தது. அவள் எடுக்கப் போனாள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதம்மா! இதுதான். இதேதான் எனக்கு பட்டறையில வர்றது. அப்ப நான் நடிக்கல. நான் நடிக்கலம்மா!"

அவள் பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டாள். வளையம் விலகியதும் கழுத்து அடங்கியது. பட்டறையில் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஊசியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதும் மாஸ்டரின் வலது கை தானாக இடது தோளுக்குக் கீழே போனது. போன கை அங்கேயே நின்றது.

"ஒம்பது மாசமா இப்படியா?" என்றாள் அவள். ஒரு காகிதத்தில் வட்டம் வரைந்து நடுவில் கோடு போட்டாள். "மேலறை முதல்ல சுருங்கணும், வால்வு திறந்து ரத்தம் கீழறைக்கு எறங்கணும், அப்புறம் கீழறை சுருங்கணும். அப்பதான் முழு ரத்தமும் வெளிய போகும். உங்க மெஷின் பாத்துட்டு சும்மா இருக்குற மோடுல இதெல்லாம் தானா நடக்குது. காந்தம் வந்தா மேலறைய கேக்காமலே கீழறைய தட்டுது. மேலறை சுருங்குற நேரம் பாத்து வால்வு மூடிக் கெடக்கும். ரத்தம் போக எடமில்லாம பின்னாடி, கழுத்துக்கு ஏறும். அதான் அந்த துடிப்பு. வெளிய போற ரத்தம் கொறைஞ்சு போகும், பிரஷர் எறங்கும்."

"அப்ப ஒண்ணுக்கு..."

"மேலறை இழுபட்டு உப்பும்போது ஒரு ஹார்மோன விடும் சார். ஒடம்புல தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு அது நினைச்சுக்கும். தண்ணிய வெளிய தள்ளுன்னு கிட்னிக்கு சொல்லும், ரத்தக்குழாய தளர்த்தும். பிரஷர் இன்னும் எறங்கும். மேல கம்பி, கீழ கம்பின்னு ரெண்டு வெச்சு வரிசையா தட்டுற மோடு இருக்கு, அதுல இந்த தொல்லை கம்மி. உங்களுக்கு அதுகூட வேண்டாம். அந்த வார தூக்கிப் போட்டா போதும்."

"ஆனா ரத்தம் சோதிச்சாங்களே?"

"நாலு மணி நேரம் காந்தம் இல்லாம பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. எல்லாம் எறங்கியிருக்கும்."

மாஸ்டர் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதார். சந்தோஷ அழுகை. டாக்டர் கையெழுத்தோடு கடிதம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் பட்டறைக்கு ஓடினார். இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறினார்.

முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அந்த காந்தத்த தச்சது யாரு?"

"நான்தான், முதலாளி."

"மாட்டிக்கிட்டு நின்னது?"

"நான்தான்."

"போன வாரம் சோம்பேறித்தனம்னு கைகட்டிச் சொன்னதும் நீங்கதான்." முதலாளி கடிதத்தை மடித்து அவர் பையில் செருகினார். "மச்சான், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நடிக்கிறீங்கன்னு நினைச்சப்பகூட உங்கமேல எனக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. ஏமாத்துற அளவுக்காவது மூளை இருக்கேன்னு. அக்கா இப்ப மேசையில நல்லா வெட்டுறாங்க, ஒரு மடிப்பு வீணாகல. நூல் வெட்டுற ஸ்டூல் காலியாத்தான் இருக்கு. நாளைக்கு வாங்க."

முதலாளி அக்கா என்றது காஜாக்காவை. அதைக் கேட்டபோதுதான் மேசை போய்விட்டது மாஸ்டருக்கு உறைத்தது. இனி எந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாலும் அது திரும்பாது. முகத்தில் ஈயாடாமல் முதலாளியின் அறையை விட்டு வெளியே வந்தார். இருந்தும் ஒரு ஆறுதல் பாக்கி இருந்தது. அத்தனை பேரும் வாயில் போட்டு மென்றபோது பொய்யன் என்று சொல்லாத ஒருத்தி இருந்தாளே, அவளிடமாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று மேசைப் பக்கம் வந்தார். அவள் தாள் அச்சைத் துணிமேல் வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். பழைய வார் அவள் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"காஜா... நீ ஒருத்திதான் என்ன நம்பின. இத பாரு. நான் நடிக்கல. எல்லாம் அந்த வார்ல இருந்த காந்தம்."

"தெரியும் மாஸ்டர்," என்றாள், நிமிராமல்.

"கடுதாசி வந்தது உனக்கு எப்படி தெரியும்?"

"கடுதாசி தெரியாது. காந்தம், மெஷின் எல்லாம் எனக்கு தெரியாது. வார்தான்னு தெரியும்." அடுத்த ஊசியைக் குத்தினாள். "தினமும் பின்னாடி நின்னு பொத்தான் போட்டவ நான்தானே. போட்டுட்டு ஸ்டூல்ல வந்து உக்கார்றதுக்குள்ள உங்க கழுத்து குதிக்க ஆரம்பிச்சிடும். மத்தியானம் அவுத்தா நின்னுடும். ரெண்டு மாசம் பாத்தேன். அப்புறம் ஒரு நாள் வார எடுத்து மூட்டைக்கு அடியில ஒளிச்சு வெச்சேன், சரிதானான்னு பாக்க."

"அன்னிக்கு..."

"அன்னிக்கு ஒரே ஒரு கோடுதான் உங்களுக்கு."

மாஸ்டர் ஆணியில் தொங்கிய வாரைப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"நீங்க அத கேக்கலையே மாஸ்டர். வார் எங்கன்னுதான் கேட்டீங்க. எடுத்து குடுத்தேன். பொத்தானும் போட்டு விட்டேன்."

சொல்லிவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து ஒரு வெட்டுத்துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"துடைச்சுக்கங்க," என்றாள்.

மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். இருபது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய இதயம் முதலில் மேலறை, பிறகு கீழறை என்று ஒழுங்காக அடித்தது. ரத்தம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போனது. கழுத்தில் ஒரு துடிப்பும் இல்லை. வேர்வை மட்டும் நிற்கவில்லை. இந்த முறை அதற்குக் காந்தத்தைக் குறை சொல்ல வழியில்லை.